சார்ஜன் ஜாகோ உதறாத ஞாயிறுகள்

ஆட்டுக்கு நனைவது பிடிக்காது, துவான். நாலு தூறல் முதுகில் விழுந்தால் போதும், கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஓர் உதறு உதறிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். ஆடு வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது, பட்டாளத்தின் சின்னமாக இருந்து ஓய்வுபெற்ற கிடா, சார்ஜன் ஜாகோ, எங்கே என்பது. பட்டாள நாளுக்கு அதை அழைத்துவரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தீர்கள். நான் வெறுங்கையோடு வந்து நிற்கிறேன். கேப்டன் ஹைகல் விசாரிப்பார் என்று வாசலில் சொன்னார்கள். நீங்கள் இந்த முகாமுக்கு வருவதற்கு முன்பே நான் போய்விட்டவன், என்னைத் தெரிந்திருக்காது. என் பெயர் வீரமுத்து. இருபத்து நான்கு வருடச் சேவை. கோப்பரலாகவே ஓய்வுபெற்றேன். கடைசி ஆறு வருடம் ஜாகோவைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

ஆடு சார்ஜன், நான் கோப்பரல். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் நான்தான் அதற்கு சல்யூட் வைக்க வேண்டும். என் மனைவி மயிலம்மாள் இதை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "ஊருல மனுசந்தான் ஆட்ட மேய்ப்பான். எங்க வீட்டுல ஆடு மனுசன மேய்க்குதுலா" என்பாள். நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

ஜாகோ வந்த முதல் வருடம், அணிவகுப்பு நாளில் மழை பிடித்துக்கொண்டது. மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஜாகோ வழக்கப்படி ஓர் உதறு உதறியது. வந்திருந்த பெரிய அதிகாரியின் வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் சேற்றுத் தண்ணீர். எல்லாரும் சிரித்தார்கள், எங்கள் தளபதி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே பழக்கத் தொடங்கினேன். கயிற்றை என் உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றினால் ‘செடியா’, அசையாமல் நில் என்று பொருள். சுற்றை விட்டால் ‘செனாங் டிரி’, இனி உன் இஷ்டம். பேண்டு சத்தத்தில் வாய்ச்சொல் காதில் விழாது என்பதால்தான் கயிறு. நான் அதை அடித்ததே இல்லை. குழாயைத் திறந்து முதுகில் விட்டுவிட்டு, கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். உதறினால் மறுபடி முதலிலிருந்து. சரியாக நின்றால், கயிற்றை விட்ட பிறகு உதறிக்கொள்ளலாம், ஒரு பிஸ்கட்டும் உண்டு. எட்டு மாதம் பிடித்தது. நாம் கயிற்றை விடப்போவதில்லை என்று புரிந்துவிட்டால் உயிருள்ள எதுவும் நின்றுவிடும். அது என் அனுபவம்.

நாலு வருடத்துக்கு முன் நாங்கள் இருவரும் ஒரே நாளில் ஓய்வுபெற்றோம். ஆட்டை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, அதன் உயிருக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். சுவா என்கிற ஊருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்டக்காரர்கள் குடியிருந்த பழைய லயத்தில் ஒரு வரிசை வீடுகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அங்கேயும் தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் பயிற்சி உண்டு. நான் "செடியா, செடியா" என்று சொல்வதைக் கேட்டு, "செடியா கொடியான்னு ஆட்டுக்கிட்ட என்னா வெடுகத போட்டுக்கிட்டு" என்பாள் மயிலம்மாள். எங்கள் மருமகள் புனிதா மட்டும் சிரிக்கமாட்டாள். நான் அந்தப் பக்கம் வந்தால், "சார்ஜன் சாப்ட்டாரா மாமா?" என்று மரியாதையாக விசாரிப்பாள். என் மகன் முகுந்தனைவிட அவளுக்குத்தான் ஒழுங்கு தெரியும். முகுந்தன் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் நேராக நின்றதில்லை.

புனிதாவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே இனிப்பு நீர் வியாதி. காலையும் சாயங்காலமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாள். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசி மருந்தை எங்கள் ஐஸ் பெட்டியில், ஜாகோவின் பூச்சி மருந்துக்குப் பக்கத்தில்தான் வைப்பாள். தம்பின் ஊர்க்காரி. அவள் அப்பா ஹேமநாதன் அங்கே பாசாரில் பூக்கடை வைத்திருக்கிறார்.

இந்த வருடம் முகுந்தன் வேலைக்குப் போகும்போது மோட்டாரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, சிரம்பான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். அன்று காலைதான் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. சிரம்பானில் வீடு எடுத்துப் போகலாம் என்று அவள் கேட்க, அவன் கத்திவிட்டு வண்டியை எடுத்தான். லய வீட்டில் பலகைச் சுவர்தானே, வரிசை முழுக்கக் கேட்டிருக்கிறது. மயிலம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போய், பிள்ளை கண் விழிக்க ஜாகோவைத் தருவதாக வேண்டிக்கொண்டாள். வேண்டிவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள்.

பட்டாளத்தில் நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"பெத்த புள்ள பெருசா, ஆடு பெருசாங்க?"

எனக்குப் பதில் தெரியும், துவான். தெரிந்ததால்தான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கிடாவைச் சாமி முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவோம். அது உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, வெட்டலாம். உதறாவிட்டால் உத்தரவு இல்லை, யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள். உதறாத ஆட்டை எங்கள் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆட்டுக்கு நனைவது பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா.

முதல் ஞாயிறு காலை, கூட்டமாக இருக்கிறதே, மிரண்டுவிடப்போகிறது என்று கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். சத்தியமாகப் பழக்க தோஷம்தான், வேறு எண்ணம் இல்லை. பூசாரி மணியம் முதல் குடத்தை ஊற்றினார். வார நாளில் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை பூசாரி, நல்ல மனிதர். ஜாகோ நிமிர்ந்து நேராகப் பார்த்தபடி நின்றது. இரண்டாவது குடம். மூன்றாவது குடம். தாடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டுகிறது, ஒரு ரோமம் அசையவில்லை. உள்ளங்கை மரத்துப்போன பிறகுதான் கயிற்றைக் கவனித்தேன். விட்டிருக்கலாம், ஒரு நொடி வேலை. ஆனால் அந்த நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து வயது, முழங்கால் வலி, ஓய்வுபெற்று நாலு வருடம், இருந்தும் மேடைக்கு முன் நிற்பது போல நின்றது. அதோடு ஒன்று புரிந்தது. நான் மறுக்க முடியாததைச் சாமி மறுத்துவிட்டது. மயிலம்மாளிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.

விஷயம் அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. மணியம் காலிக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுல ஏதோ கொற இருக்கு. அது தீராம முனி கை நீட்டாது" என்றார். அவர் யாரையும் காட்டவில்லை. மயிலம்மாள்தான் திரும்பிப் புனிதாவைப் பார்த்தாள், அவள் பார்த்ததும் வரிசை முழுக்கப் பார்த்தது. குறை என்று ஒன்று வேண்டுமென்றால் அது யாராவது ஒருவராக இருந்தாக வேண்டும், துவான். அது எந்த வீட்டிலும் அப்படித்தான்.

புனிதா விரதம் இருக்க ஒப்புக்கொண்டாள். புருஷன் எழுந்தால் போதும் என்றாள். விடியற்காலையில் ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றுவது, ஒரு வேளைக் கஞ்சி, மற்ற நேரம் பின்கட்டு அறை. உத்தரவு கிடைக்கும் வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது என்று கைப்பேசியை மயிலம்மாள் வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாளிலிருந்து கதவுக்கு வெளியே கொக்கியும் போட்டாள். சன்னல் ஜாகோவின் கொட்டகைப் பக்கம் இருந்தது, கம்பி வைத்த சன்னல். நான் தழை போடப் போகும்போதெல்லாம் அவள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இரண்டாவது ஞாயிறு தெரிந்தேதான் சுற்றினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஜாகோ அசையவில்லை. பெண்கள் சிலர் அழுதார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஆட்டைக் கோயிலுக்குப் பின்னால் ஓட்டிப்போய்க் கயிற்றை விட்டேன். பாவம், அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்தது, ஆனந்தமாக ஓர் உதறு உதறியது. அன்று பூசை முடிந்த பிறகுதான் அவளைச் சுற்ற விட்டிருந்தார்கள்; ஈரச் சேலையோடு மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்த புனிதாவின் மேல் மஞ்சள் துளிகள் தெறித்தன. அவள் தன் சேலையைப் பார்த்தாள். பிறகு ஜாகோவைப் பார்த்தாள். பிறகு என் கையை.

அன்று சாயங்காலம் தழை போடப் போனபோது சன்னலிலிருந்து கூப்பிட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"மாமா, கயித்த நீங்க விட்டீங்க, அப்பறந்தான் சார்ஜன் ஒதறுனாரு. நான் பாத்துட்டேன்."

நான் தழையைப் பரப்பிக்கொண்டிருந்தேன்.

"சார்ஜன வெட்டுறது எனக்கும் கஷ்டந்தான். ஆனா என்னால இதுக்கு மேல முடியல மாமா. அடுத்த வாரம் நீங்களே விட்டுருங்க. இல்லன்னா அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

அவள் நல்ல பெண். அந்த வார்த்தையை அவள் காப்பாற்றியிருப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் துவான், சொல்லமாட்டேன் என்கிறவரிடம் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. அதுவரை அது என்னிடம் மட்டும்தான் இருந்தது. மயிலம்மாளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பிள்ளை செத்துக்கொண்டிருக்கும்போது ஆட்டுக்காகச் சாமியையே ஏமாற்றியவன். தோட்டத்தில் எனக்கு யாரும் தண்ணீர் தரமாட்டார்கள். தண்ணீர் போனால் போகிறது, முப்பது வருடம் என்னைப் பார்த்த கண்ணால் மயிலம்மாள் என்னை மறுபடி பார்க்கமாட்டாள். எனக்குப் பயம் வந்தது. ராணுவத்தில்கூட அப்படிப் பயந்ததில்லை.

மறுநாள் திங்கள். விரதக்காரி உடம்பில் இரும்பு படக் கூடாது, கொண்டை ஊசிகூட ஆகாது என்று மணியம் சொல்லியனுப்பியிருந்தார். அவர் மனதில் கொண்டை ஊசிக்கு மேல் ஒன்றும் இல்லை. மயிலம்மாள்தான் கொல்லையில் என்னிடம் வந்து நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அந்த மருந்து ஊசியும் இரும்புதானேங்க? ஞாயித்துக்கெழம வரைக்கும் நிறுத்துனா ஒண்ணும் ஆவாதுலா? நீங்கதான் பட்டாளத்துல மருந்துப் படிப்பெல்லாம் படிச்சவங்க."

படித்திருக்கிறேன். இதே முகாமில் ஆறு வாரம், முதலுதவிப் பாடம், சான்றிதழும் இருக்கிறது. சின்ன வயதிலேயே இனிப்பு நீர் வந்தவர்களுக்கு அந்த மருந்துதான் உயிர், இரண்டு நாள் தவறினாலே ஆபத்து என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்.

"ஆறு நாளு தாங்கும்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. என் சொல்லை அவள் சந்தேகப்பட்டதே இல்லை. மருந்தை எடுத்து வைக்கச் சொன்னாள், எடுத்து வைத்தேன். ஜாகோவின் தடுப்பூசி மருந்துக்காகக் கொட்டகையில் ஐஸ் கட்டி போட்டு வைக்கிற ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தேன், அதில் போட்டேன். சூடு பட்டால் கெட்டுப்போகிற மருந்து என்பதால் தினமும் இரண்டு தடவை ஐஸ் மாற்றினேன். அந்தப் பெட்டிக்கும் அவள் சன்னலுக்கும் நடுவில் பத்தடி இருக்கும்.

செவ்வாய்க்கிழமை, ஊசி எங்கே மாமா என்று கேட்டாள். அத்தையிடம் கேள் என்றேன். புதன்கிழமை வாந்தி எடுத்தாள், தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருந்தாள். வியாழக்கிழமை கம்பியைப் பிடித்து நிற்க முடியவில்லை, கீழே உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிட்டாள். மயிலம்மாள் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோமா என்றாள். விரதம் கலைந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இவ்வளவு கஷ்டப்பட்டதும் வீண், ஞாயிறு வரைக்கும் பொறு என்றேன். நான் கோபமாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிடும் சத்தம் நின்றுவிட்டது. மயிலம்மாள் என்னைக் கேட்காமல் ஓடிப்போய் மணியத்தைக் கூட்டிவந்தாள். அவர் லாரியில்தான் கொண்டுபோனோம். சனிக்கிழமை காலை புனிதா இறந்தாள். இருபத்தைந்து வயது.

ஹேமநாதன் தம்பினிலிருந்து வந்து, ஏன் ஊசி போடவில்லை என்று டாக்டரையும் கேட்டார், எங்களையும் கேட்டார். மயிலம்மாளால் பேச முடியவில்லை. நான்தான், புருஷனுக்காக அவளே வேண்டாம் என்று வைராக்கியமாக இருந்துவிட்டாள் என்றேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையிலும் மகளைப் பற்றி ஒரு பெருமை அவருக்கு வந்ததைப் பார்த்தேன். அவர் கடைப் பூவிலேயே மாலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி ஆட்டை நிறுத்தச் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை, துவான். இங்கே இருக்கிற உங்களுக்கு அது புரியாமல் போகலாம். ஜாகோ இந்தத் தடவையும் உதறாவிட்டால் குறை புனிதாவோடு போகவில்லை என்று ஆகிவிடும். வீட்டில் மிச்சம் இருப்பது மயிலம்மாளும் நானும். மயிலம்மாள் தாய், தாயை யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு யார் பக்கம் திரும்புவார்கள்? பத்து வருடம் ஆட்டைக் காப்பாற்றியாயிற்று. இனி காப்பாற்ற வேண்டியது வேறு என்று ஆகிவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான்.

கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

முதல் குடம் பாதிகூட ஊற்றவில்லை. ஜாகோ ஓர் உதறு உதறியது, முன்வரிசை முழுக்க மஞ்சள் தண்ணீர். பெண்கள் குலவையிட்டார்கள். "பாத்தீங்களா, கொற வெளிய போயிருச்சு" என்றார் மணியம். மயிலம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, "அப்ப அவதான், அவதான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரமாக அவளுக்குள் இருந்த சந்தேகம் அந்த ஒரு உதறலில் தீர்ந்துபோயிற்று. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஜாகோ என் சட்டைப் பையைப் பார்த்தது. உதறிய பிறகு பிஸ்கட் கிடைக்கும் என்பது அதற்குப் பாடம். நான் அன்று பிஸ்கட் கொண்டுபோகவில்லை.

வெட்டினார்கள். ஒரே வெட்டு. நான் அழுதேன். அப்பா செத்தபோதுகூட அழாதவன், அன்று அழுதேன். மருமகளுக்காக அழுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஆக, ஜாகோவின் சாவுக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். அந்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஓய்வூதியத்தைப் பிடித்தாலும் சரி, மறுக்கமாட்டேன். என்னிடம் எழுதி ஒப்படைத்த உயிர் அது.

வேறு ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். ஒன்றுதான் உண்டு. அதற்கும் ஆட்டுக்கும் சம்பந்தம் இருப்பதால் சொல்கிறேன்.

வெட்டிய மூன்றாம் நாள் முகுந்தன் கண் விழித்தான். தோட்டம் முழுக்க முனி பேச்சுத்தான். நேற்று கொஞ்சம் வாய் திறந்து பேசினான், முதலில் கேட்டதே புனிதாவைத்தான். மயிலம்மாள் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவள் இருந்தவரைக்கும் ஆடு உதறவில்லை, போனதும் உதறியது, நீயும் எழுந்தாய் என்று சொன்னாள். அவன் அம்மாவை நம்பவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் கொண்டுவந்தான்.

"நெசமாப்பா? அவ எனக்குக் கெட்டது நெனச்சாளா?"

அவன் கையைத் தடவிக் கொடுத்து, "ஆடு பொய் சொல்லுமாடா?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் என்னை நம்பிவிட்டான், துவான். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.